அப்ளிகேஷன் போட்டும் அழைப்பு வரவில்லையா? எங்கே சிக்குகிறது என்று பார்ப்போம்

படகு எஞ்சின் கிளம்பவில்லை என்று கூப்பிட்டால் எந்த மெக்கானிக்கும் வந்த வேகத்தில் எஞ்சினைப் பிரிப்பதில்லை. டாங்கில் டீசல் இருக்கிறதா, லைனில் ஏர் பிடித்திருக்கிறதா, ஃபில்டர் அடைத்திருக்கிறதா என்று வரிசையாகப் பார்த்துக்கொண்டு வருவார். வேலைக்கு எழுதிப்போட்டுப் பதில் வராதவர்கள்தான் நேரே எஞ்சினைப் பிரித்துவிடுகிறார்கள். "நமக்கு இங்கிலீஷ் வராது அண்ணே, அதான்", "நம்ம காலேஜுக்கு மதிப்பில்லை", "சிபாரிசு இல்லாம எதுவும் நடக்காது". இதில் கொஞ்சம் உண்மை இருக்கலாம். ஆனால் நான் பார்த்தவரை பாதிப் பேருக்கு டாங்கில் டீசலே இல்லை.

இராமநாதபுரம் மாவட்டம் மண்டபம் பக்கம் ஒரு கடல் உணவு ஏற்றுமதிக் கம்பெனி அலுவலகத்தில் சில வருடம் இருந்தேன். வந்து குவியும் பயோடேட்டாக்களைப் பிரித்து அடுக்கியது நான்தான். இப்போது உச்சிப்புளியில் ஜெராக்ஸ் கடை வைத்து அதே பயோடேட்டாக்களை அடித்துக் கொடுப்பதும் நான்தான். "க்யூ.சி.க்கு (தரக்கட்டுப்பாட்டுக்கு) ஆள் வேணும், நாலு பேரை எடுத்து வை" என்று மேனேஜர் சொல்லிவிட்டுப் போவார். நான் ஒரு தாளுக்கு அரை நிமிடம் கொடுப்பேன். என்ன படிப்பு, இந்த வேலையைத் தொட்டுப் பார்த்த ஆளா, எந்த ஊர், எந்த நம்பர். இந்த நாலும் கண்ணில் பட்டால் ஒரு பக்கம், படாவிட்டால் மறுபக்கம். கொடுமைதான். ஆனால் அலுவலகத்தில் மற்ற வேலையும் இருக்குமே.

அதனால் முதலில் உங்கள் தாள் எந்த இடத்தில் நிற்கிறது என்று கண்டுபிடியுங்கள். போய்ச் சேரவே இல்லையா, சேர்ந்தும் யாரும் திறக்கவில்லையா, படித்தும் கூப்பிடவில்லையா, கூப்பிட்டும் எடுக்கவில்லையா? ஒவ்வொன்றுக்கும் மருந்து வேறு.

அறிகுறி: இருபது இடத்துக்கு அனுப்பினேன், ஒரு போன்கூட வரவில்லை

இருபதில் ஒன்றுகூட அசையவில்லை என்றால் உங்கள் தகுதியைச் சந்தேகப்படாதீர்கள், தாளைச் சந்தேகப்படுங்கள். பெரும்பாலும் அது போய்ச் சேரவில்லை, அல்லது சேர்ந்தும் படிக்க முடியவில்லை.

தாளில் உள்ள நம்பருக்கு வேறொரு போனிலிருந்து கூப்பிட்டுப் பாருங்கள். சிரிக்க வேண்டாம். ரீசார்ஜ் இல்லாமல் செத்துப்போன சிம் நம்பரோடு வருடக்கணக்கில் சுற்றும் பயோடேட்டாக்கள் உண்டு. நானே ஒரு பெண்ணுக்கு அடித்துக் கொடுத்ததில் ஓர் இலக்கத்தை மாற்றிவிட்டேன். நேர்காணல் அழைப்பு சாயல்குடிப் பக்கம் யாரோ ஒரு பெரியவருக்குப் போய், அவர் "ராங் நம்பர்" என்று வைத்துவிட்டார். விஷயம் தெரிந்தபோது தேதி தாண்டிவிட்டது. அன்றிலிருந்து நம்பரை நான் வாய்விட்டுப் படிப்பேன், எதிரில் இருப்பவர் தன் போனைப் பார்த்துச் சரிபார்க்க வேண்டும். அதன் பிறகுதான் பிரிண்ட்.

அடுத்தது எழுத்துரு. நம் ஊர் டைப்பிங் கடைகளில் இன்னும் பாமினி என்ற பழைய எழுத்துருவில்தான் தமிழ் அடிக்கிறார்கள். அந்தக் கம்ப்யூட்டரில் அழகாகத் தெரியும். அதையே வேர்டு ஃபைலாக அனுப்பினால், பாமினி இல்லாத கம்ப்யூட்டரில் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் கலந்த கூளமாகத் திறக்கும். திறந்தவர் வைரஸ் என்று நினைத்து மூடிவிடுவார். எந்தக் கம்ப்யூட்டரிலும் தமிழாகவே திறக்கும் யூனிகோடில் அடிக்கச் சொல்லுங்கள். ஏற்கெனவே பாமினியில் இருந்தால் இணையத்தில் இலவச மாற்றிகள் இருக்கின்றன, மாற்றிய பிறகு ஒருமுறை முழுதாகப் படித்துப் பாருங்கள். அனுப்புவது எப்போதும் பி.டி.எஃப்.

பி.டி.எஃப். ஆனாலும் ஒரு சோதனை பாக்கி. போனில் அதைத் திறந்து உங்கள் பெயர் மேல் விரலை அழுத்திப் பிடியுங்கள். எழுத்து நீல நிறத்தில் தேர்வானால் சரி. ஆகவில்லை என்றால் அது தாளைப் போட்டோ பிடித்து ஒட்டிய பி.டி.எஃப்., வெறும் படம். பெரிய கம்பெனிகளில் விண்ணப்பத்தை முதலில் மென்பொருள்தான் படிக்கிறது. படத்திலிருந்து அதற்கு ஒன்றும் கிடைக்காமல் போகலாம். செய்தித்தாள் போலப் பக்கத்துப் பக்கத்தில் ரெண்டு பத்தி, கட்டம் கட்டமான டேபிள், நட்சத்திரம் போட்டுத் திறமையைக் காட்டும் டிசைன் எல்லாமே அந்த மென்பொருளைக் குழப்பும். மேலிருந்து கீழே வரிக்குக் கீழே வரியாக எழுதுங்கள், அதுவே போதும்.

ஃபைல் பெயர் "டாகுமெண்ட் 1" என்று இருந்தால், அதே பெயரில் ஒன்பது பேர் அனுப்பியிருப்பார்கள். உங்கள் பெயரும் பதவியும் ஃபைலின் பெயராக இருக்கட்டும். மெயிலில் பொருள் வரியைக் காலியாக விடாதீர்கள்.

அறிகுறி: படித்திருக்கிறார்கள், ஆனால் கூப்பிடவில்லை

கம்பெனிக்குப் போன் செய்தால் "பார்த்தோம், சொல்றோம்" என்கிறார்கள். இங்கே சிக்கல் பொருத்தத்தில் இருக்கிறது. ஒரே பயோடேட்டாவை நண்டு கம்பெனிக்கும், லாட்ஜுக்கும், கீழக்கரை ஸ்கூலுக்கும் அனுப்பியிருப்பீர்கள்.

முதல் குற்றவாளி, தாளின் தலையில் இருக்கும் "நோக்கம்". "சவாலான சூழலில் என் திறமையை வெளிப்படுத்தி நிறுவனத்தின் வளர்ச்சிக்கும் என் வளர்ச்சிக்கும்..." என்று ஆங்கிலத்தில் மூன்று வரி ஓடும். எந்தக் கடையில் அடித்தாலும் அதே மூன்று வரி. என் கடை கம்ப்யூட்டரிலும் இருந்தது, அழித்துவிட்டேன். அந்த இடம் தாளிலேயே விலை உயர்ந்த இடம், முதலில் கண் படுவது அங்கேதான். அதில் நீங்கள் யார், எந்த வேலைக்கு என்று எழுதுங்கள்.

முன்பு இப்படி இருந்தது: "மீன் பதப்படுத்தும் துறையில் முன்னேற விரும்புகிறேன்."

மாற்றி எழுதியது: "பி.எஸ்சி. விலங்கியல். இறால் பதப்படுத்தும் ஆலையில் 14 மாதம் தரக்கட்டுப்பாட்டு உதவியாளர். குளிர்கிடங்கின் மைனஸ் 18 டிகிரி பதிவேடு, மூலப்பொருள் வரும்போது ஐஸ் சோதனை, ஷிப்ட் அறிக்கை ஆகியவை என் பொறுப்பு. உடனே சேர முடியும்."

இரண்டும் ஒரே பையனுடையவை. இரண்டாவதைப் பார்த்தால் நான் அரை நிமிடம்கூட எடுத்திருக்க மாட்டேன், அப்படியே "கூப்பிடு" பக்கம் வைத்திருப்பேன்.

விளம்பரத்தை எடுத்து வைத்துக்கொண்டு அதில் கேட்கும் மூன்று நான்கு விஷயங்களுக்கு அடியில் கோடு போடுங்கள். உங்களிடம் உண்மையாகவே இருப்பவை தாளின் மேல் பாதியில் வர வேண்டும், அவர்கள் பயன்படுத்திய அதே சொல்லில். அவர்கள் "ஸ்டோர் கீப்பர்" என்று கேட்டால் நீங்கள் "கிடங்கு நிர்வாகி" என்று எழுதிப் பெருமைப்பட வேண்டாம். சாதி, மதம், உயரம், எடை, அப்பாவின் தொழில் எல்லாம் தனியார் வேலைக்குத் தேவையில்லை, அது கல்யாண பயோடேட்டா. "மேற்கண்டவை யாவும் உண்மை என உறுதியளிக்கிறேன்" என்ற அடிவரியும் கேட்டால் ஒழிய வேண்டாம். இருந்தாலும் யாரும் அதற்காகத் தள்ளப் போவதில்லை, விடுங்கள்.

அறிகுறி: அனுபவம் என்ற இடத்தில் எழுத ஒன்றுமே இல்லை

எங்கள் பக்கத்தில் அதிகம் காணும் நோய் இது. உண்மையில் எழுத நிறைய இருக்கும், அது வேலை என்று அவர்களுக்கே தோன்றாது.

தங்கச்சிமடத்துப் பையன் ஒருவன், பி.காம்., அக்கவுண்ட்ஸ் வேலைக்கு எழுதினான். அனுபவம்: இல்லை. வீட்டில் என்ன செய்வாய் என்று கேட்டேன். "அப்பா படகுக் கணக்கு நான்தான் பாப்பேன்ணே." எத்தனை வருடமாக? "பிளஸ் டூ படிக்கிறப்பலேருந்து." டீசல் பில், ஐஸ், வலைச் செலவு, ஏலத்தில் போன மீனின் தொகை, வியாபாரி முன்பணம், கழித்தது போக ஆளுக்கு எவ்வளவு பங்கு, எல்லாம் நோட்டில் எழுதிப் பிரித்துக் கொடுத்திருக்கிறான். பங்கில் பத்து ரூபாய் குறைந்தாலும் கரையில் சண்டை வரும். இதைவிடப் பெரிய ஆடிட் எந்த ஆபீசில் நடக்கிறது? "குடும்ப விசைப்படகின் வரவு செலவு, ஐந்து ஆண்டு. தினசரிக் கணக்கு, ஐந்து பேருக்குப் பங்கு பிரிப்பு, வியாபாரி நிலுவை வசூல்" என்று எழுதினோம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலத்தில் அவன் ஒரு ஹார்டுவேர் கடையில் பில் போட்டிருக்கிறான். அதுவும் அனுபவம்தான், மூன்று வருடம் தொடர்ந்து போயிருக்கிறான் என்பது கூடுதல் சான்று.

இராமேஸ்வரத்தில் அக்னி தீர்த்தம் பக்கம் சங்கு, பாசிமணிக் கடையில் நின்ற பையன்களைக் கேட்டுப் பாருங்கள். இந்தி சரளமாக வரும், தெலுங்கு வரும், பேரம் பேசும் அளவுக்கு வங்காளமும் வரும். லாட்ஜ் ரிசப்ஷன் வேலைக்கு எழுதும்போது "தெரிந்த மொழிகள்: தமிழ், ஆங்கிலம்". எழுதப் படிக்கத் தெரியாத மொழியைப் போடக்கூடாது என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். தை அமாவாசை, ஆடி அமாவாசைக் கூட்டத்தில் வடநாட்டுக் குடும்பத்துக்கு ரூம் பேசிக் கொடுக்கும் ஆளைத்தானே லாட்ஜ்காரர் தேடுகிறார்? "இந்தி: நன்றாகப் பேசுவேன், எழுத வராது" என்று உள்ளதை உள்ளபடி போடுங்கள்.

இன்னொருவர் மண்டபம் பக்கத்துப் பாசி அக்கா. கடற்பாசி வளர்க்கும் கம்பெனியில் களப் பொறுப்பாளர் வேலைக்குத் தாள் கொண்டு வந்தார், தொழில் என்ற இடத்தில் "இல்லத்தரசி". நான் ஒவ்வொன்றாகக் கேட்டேன். பாசி கட்டி வளர்க்கும் மூங்கில் தெப்பம் எத்தனை? "முப்பது." எத்தனை பேர்? "எங்க குழுவில அஞ்சு பேரு." எத்தனை நாளுக்கு ஒரு அறுப்பு? "நாப்பத்தஞ்சு நாளு." கணக்கு யார்? "நான்தான் தம்பி, வேற யாரு." காற்று முற்றினால்? "முன்னாடியே தெப்பத்தைக் கரைக்கு இழுத்துப்போட்டுருவோம், போன தடவை ரெண்டுதான் போச்சு." இத்தனையும் வைத்துக்கொண்டு இல்லத்தரசி! மூங்கில் தெப்பம் 30, ஐந்து பேர் குழு, 45 நாள் சுழற்சி, காயவைத்து எடை போட்டு விற்ற பணம் பிரிப்பு, புயல் கால ஏற்பாடு என்று ஐந்து வரி எழுதினோம். அடுத்த வாரமே கூப்பிட்டார்கள். சம்பளம் ஒத்துவராமல் அவர் போகவில்லை என்பது வேறு கதை.

உங்களுக்கும் இதே கேள்விகள்தான். எவ்வளவு, எத்தனை நாள், எத்தனை பேர், தப்பு நடந்தால் யார் பதில் சொல்ல வேண்டும்? எண் வந்தால் வரி நிற்கும். ஆனால் ஊதாதீர்கள். முப்பது தெப்பத்தை நூறு ஆக்கினால் நேர்காணலில் மூன்றாவது கேள்வியில் மாட்டுவீர்கள், ஏனென்றால் எதிரில் இருப்பவருக்கும் தெப்பம் தெரியும்.

அறிகுறி: கடிதம் முழுக்க மரியாதை, விஷயம் கடைசி வரியில்

பள்ளியில் விடுப்பு விண்ணப்பம் எழுதிப் பழகிய கை. அனுப்புநர், பெறுநர், பொருள் என்ற அமைப்பில் தவறில்லை, கூட்டுறவுச் சங்கம், பள்ளி, அறக்கட்டளைக்கு எழுதினால் அதுதான் சரி. உள்ளே போனதும்தான் வழுக்குகிறது. "நான் மிகவும் ஏழ்மையான குடும்பத்தைச் சேர்ந்தவன், தாங்கள் கருணை கூர்ந்து" என்று ஆரம்பிப்பார்கள். படிப்பவருக்கு மனசு கஷ்டப்படும், ஆனால் அவருக்கு வேண்டியது வேலை தெரிந்த ஆள். மனசு கஷ்டப்பட்டபடியே அடுத்த தாளை எடுப்பார்.

லாட்ஜ் வேலைக்கு எழுதிய சங்குக் கடைப் பையன் ஒருவனுக்கு நான் எழுதிக் கொடுத்தது கிட்டத்தட்ட இப்படி:

"ஐயா, தங்கள் விடுதியின் வரவேற்பாளர் பணிக்கான விளம்பரத்தைப் பார்த்து விண்ணப்பிக்கிறேன். கோயில் பகுதிக் கடையில் நான்கு ஆண்டுகள் விற்பனையில் இருந்ததால் இந்தியிலும் தெலுங்கிலும் யாத்ரீகர்களிடம் பேசிப் பழக்கம். தினசரி பில்லும் கல்லாக் கணக்கும் பார்த்திருக்கிறேன். கம்ப்யூட்டரில் தட்டச்சு தெரியும், புக்கிங் மென்பொருள் பழகியதில்லை, கற்றுக்கொள்வேன். திருவிழா நாட்களில் இரவுப் பணிக்கும் வர முடியும். தாங்கள் சொல்லும் நாளில் நேரில் வருகிறேன்."

அவ்வளவுதான். தெரியாததைத் தெரியாது என்ற அந்த ஒரு வரியை அவன் எடுத்துவிடச் சொன்னான், நான் விடவில்லை. மற்றதெல்லாம் நம்பும்படி ஆனது அந்த வரியால்தான். விளம்பரம் தமிழில் வந்தால் தமிழில் எழுதுங்கள், ஆங்கிலத்தில் வந்தால் ஆங்கிலத்தில், சின்னச் சின்ன வாக்கியமாக.

அறிகுறி: தகுதி இருக்கிறது, பட்டியலில் பெயர் இல்லை

இது அரசு, அரசு சார்ந்த இடங்களுக்கு. மண்டபத்தில் இருக்கும் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் மையம் போன்ற இடங்களில் திட்டப் பணிகளுக்குத் தற்காலிக ஆட்களை எடுப்பார்கள். (1971இல் கொச்சிக்கு மாறும்வரை அந்த நிறுவனத்தின் தலைமையகமே மண்டபத்தில்தான் இருந்தது. பலருக்கு மறந்துவிட்டது.) இங்கே உங்கள் அழகான ரெஸ்யூமே செல்லாது. அறிவிப்போடு தரும் படிவத்தைத்தான் நிரப்ப வேண்டும். படிப்பு எந்தத் தேதிக்குள் முடிந்திருக்க வேண்டும், வயதை எந்தத் தேதியில் கணக்கிடுவார்கள், எந்த நகல், எதில் சுய கையெழுத்து, போட்டோ எத்தனை கே.பி. என்று அறிவிப்பைப் படித்து டிக் அடியுங்கள். நேரடித் தேர்வு (வாக்-இன்) என்றால் அசல் சான்றிதழ் கையில் இருக்க வேண்டும், "டிஜிலாக்கர்ல இருக்கு சார்" என்பதை மட்டும் நம்பிப் போகாதீர்கள்.

அறிகுறி: தேர்வாகிவிட்டேன், பெயரில் தடங்கல்

கீழக்கரை, பெரியபட்டினம், பனைக்குளம் ஆட்கள் வளைகுடாவுக்குப் போகும்போது அடிக்கடி வருவது. பத்தாம் வகுப்புச் சான்றில் ஒரு முகமது, ஆதாரில் வேறு ஸ்பெல்லிங்கில் முகம்மது, பாஸ்போர்ட்டில் இனிஷியல் விரிந்து வாப்பா பெயர் முன்னால் வந்து நிற்கும். நம் இனிஷியல் முறை வெளிநாட்டுப் படிவங்களுக்குப் புரியாது, குடும்பப் பெயர் எங்கே என்று கேட்கும். வெளிநாட்டு வேலைக்கு சி.வி.யில் பாஸ்போர்ட்டில் உள்ளபடி எழுத்துக்கு எழுத்து எழுதுங்கள். உள்ளூர் வேலைக்குப் பத்தாம் வகுப்புச் சான்றில் உள்ளபடி. வித்தியாசம் பெரிதாக இருந்தால் வேலை தேடுவதற்கு முன்பே திருத்தத்துக்குப் போடுங்கள். பெயரையே மாற்ற வேண்டியிருந்தால் தமிழ்நாடு அரசிதழில் வெளியிட வேண்டும், அது ஒரே நாளில் நடக்காது.

அறிகுறி: நடுவில் மூன்று வருடம் காணோம்

டி.என்.பி.எஸ்.சி.க்குப் படித்தீர்களா, உம்மாவுக்கு உடம்பு சரியில்லையா, துபாயிலிருந்து திரும்பிச் சும்மா இருந்தீர்களா, ஒரு வரியில் எழுதிவிடுங்கள். "2021-2023: போட்டித் தேர்வுக்குத் தயாரிப்பு" என்றால் யாரும் மேலே கேட்பதில்லை. வருடத்தை இழுத்து மறைத்தால்தான் கேட்பார்கள்.

அறிகுறி: பதில் உடனே வந்துவிட்டது, பணம் கேட்கிறார்கள்

மேலே சொன்னதெல்லாம் பதில் வராத நோய். இது பதில் வருகிற நோய், இன்னும் மோசம். வாட்ஸ்அப்பில் அனுப்பிய சி.வி.க்கு ஒரு மணி நேரத்தில் "செலக்டட்" என்று லெட்டர்ஹெட்டில் கடிதம் வரும், பின்னாலேயே மெடிக்கலுக்கு இவ்வளவு, விசாவுக்கு இவ்வளவு. கையை எடுங்கள். வெளிநாட்டுக்கு ஆள் அனுப்பும் ஏஜென்ட் மத்திய அரசிடம் பதிவு பெற்றிருக்க வேண்டும். அந்த அரசின் இ-மைக்ரேட் இணையதளத்தில் அவர் பெயரைப் போட்டுப் பார்க்கலாம். அவர் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் 30,000 ரூபாயும் அதற்கான ஜி.எஸ்.டி.யும்தான், ரசீதோடு. பத்தாம் வகுப்பு தேறாதவர்களின் பாஸ்போர்ட்டில் ஈ.சி.ஆர்., அதாவது குடியேற்றச் சோதனை தேவை, என்று இருக்கும் (தொண்டி வழியாகப் போகும் ரோடு இல்லை). அவர்கள் வளைகுடா நாடுகளுக்கு வேலைக்குப் போகக் குடியேற்ற அனுமதி வாங்க வேண்டும். "அதெல்லாம் வேணாம் காக்கா, விசிட் விசால போய் அங்க மாத்திக்கலாம்" என்பவரிடம் சி.வி.யைத் திருப்பி வாங்கிக்கொள்ளுங்கள். பாஸ்போர்ட், ஆதார் நகலைத் தெரியாத நம்பருக்கு அனுப்பவே வேண்டாம். சி.வி.யில் பாஸ்போர்ட் எந்த வருடம் வரை செல்லும் என்று போட்டால் போதும், எண் தேவையில்லை.

அறிகுறி: கூப்பிடுகிறார்கள், ஆனால் எடுக்கவில்லை

தாள் தன் வேலையைச் செய்துவிட்டது. இனி அது உங்களைக் காட்டிக்கொடுக்காமல் இருக்க வேண்டும். ஒவ்வொரு வரியையும் விரலால் தொட்டு, "இதைப் பற்றி ரெண்டு நிமிடம் என்னால் பேச முடியுமா" என்று கேளுங்கள். முடியாத வரியை வெட்டிவிடுங்கள். மற்றவர் பயோடேட்டாவை வாங்கிப் பெயரை மட்டும் மாற்றி அடித்தவர்கள் இங்கேதான் விழுவார்கள். நண்பனின் புராஜெக்ட் தலைப்பு அதில் அப்படியே இருக்கும், கேட்டால் முழிப்பார்கள்.

அப்புறம் அந்த போன். பகலில் கடலில் இருப்பவர்களுக்கு டவர் கிடைக்காது. தனுஷ்கோடிப் பக்கம் போனால் இலங்கைக்கு நல்வரவு என்று மெசேஜ்தான் வரும். கம்பெனிக்காரர் ரெண்டு முறை அடித்துவிட்டு அடுத்த ஆளுக்குப் போய்விடுவார். அதனால் தாளில் இரண்டாவது நம்பர் ஒன்று போடுங்கள், எப்போதும் கரையில் இருப்பவருடையது. அம்மாவுடையதாக இருந்தால் முன்பே சொல்லிவையுங்கள்: யார் கூப்பிட்டாலும் "பையன் கடலுக்குப் போயிருக்கான், சாயந்திரம் அஞ்சு மணிக்குக் கூப்பிடச் சொல்றேன், உங்க பேரு, கம்பெனி பேரு சொல்லுங்க" என்று கேட்டு, காலண்டர் தாளில் குறித்து வைக்கச் சொல்லுங்கள்.